பாட்டிக்கு ஆபரேஷன் தாங்குமா?

வாசல் தெளிக்கப் போன இடத்தில் வழுக்கியிருக்கும். இல்லையென்றால் நடுராத்திரியில் பாத்ரூமுக்கு எழுந்தபோது தடுமாறியிருக்கும். எழ முடியாமல் கிடக்கும் பாட்டியின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிகிறது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதைப் பார்த்தாலே, எக்ஸ்ரே வரும் முன்பே எலும்பு மருத்துவருக்கு விஷயம் புரிந்துவிடும்: இடுப்பு முறிவு, அதாவது தொடை எலும்பின் மேல்முனை முறிந்திருக்கிறது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தபந்தம் கூடி நின்று கேட்கும்: "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா டாக்டர்?"

எண்பது வயது உடம்புக்குத் தாங்காதது படுக்கைதான். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மூன்று மாதம் மல்லாந்து படுக்கவைத்த காலம் ஒன்று இருந்தது. எலும்பு சேருவதற்குள் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும். நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகும். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறும். இன்றைக்கும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில்கூட ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். எலும்பை ஒட்டவைப்பதைவிட, ஆளைப் படுக்கையிலிருந்து கிளப்புவதுதான் இந்த ஆபரேஷனின் முதல் வேலை.

முறிந்த எலும்புக்கு நாட்டுக் கட்டுப் போடும் 'புத்தூர் கட்டு' போர்டு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. மணிக்கட்டில் விலகாத முறிவு என்றால் கட்டிலேயே கூடிவிடலாம். தொடை எலும்பின் மேல்முனை அப்படியல்ல. கனத்த தசைகளுக்கு அடியில் ஆழமாக இருக்கிறது. அந்தத் தசைகளே முறிந்த துண்டை மேலே இழுத்துக்கொண்டிருக்கும். வெளியே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கட்டின் பிடி அதுவரை எட்டாது. பச்சிலையும் முட்டை வெள்ளையுமாக ஒரு மாதம் போனபின் வருகிறவர்களுக்குச் சுலபமான ஆபரேஷன் கைநழுவிப் போயிருக்கும்.

ஆபரேஷன் என்று முடிவானதும் எது என்ற கேள்வி. இதில் பாட்டியின் வயதைவிட முக்கியமானது, எலும்பு எந்த இடத்தில் முறிந்தது என்பது. தொடை எலும்பின் உச்சியில் பந்து, அதற்குக் கீழே கழுத்து. இரண்டையும் மூட்டுறை மூடியிருக்கிறது. பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை அந்தக் கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் குழாய்களும் அறுந்துவிடக்கூடும். பந்து, காம்பு அறுந்த காய் மாதிரி ஆகிவிடும். திருகாணி போட்டு இழுத்துப் பிடித்தாலும் சில மாதங்களில் அது செத்து நொறுங்கலாம்.

அதனால்தான் முதியவர்களுக்கு விலகிய கழுத்து முறிவு என்றால் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள். விலகவில்லையா? எண்பது வயதானாலும் இரண்டு மூன்று திருகாணியோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பைக் விபத்தில் அடிபட்ட முப்பது வயதுக்காரருக்கோ, விலகியிருந்தாலும் சொந்தப் பந்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். உலோக மூட்டு அவர் ஆயுசுக்கும் உழைக்காது.

பந்து மட்டும் (பாதி மாற்றம்) போதுமா, அது உட்காரும் கிண்ணத்தையும் சேர்த்து மாற்ற (முழு மாற்றம்) வேண்டுமா? குடும்பங்களைக் குழப்பும் கேள்வி இது. பில்லை ஏற்றுவதும் இதுதான். 10 நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த 'ஹெல்த்' ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. இரண்டாண்டுக்குள் மறுபடி அறுவைக்குப் போனவர்கள் முழு மாற்றத்தில் 7.9 சதவீதம், பாதி மாற்றத்தில் 8.3 சதவீதம். நடமாட்டத்தில் முழு மாற்றம் ஓரளவே முந்தியது. விழுவதற்கு முன் தனியாகக் கடைக்குப் போய்வந்தவர், மூட்டுத் தேய்மானம் உள்ளவர் என்றால் முழு மாற்றத்தை யோசிக்கலாம். வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்தவருக்குப் பாதி மாற்றமே தாராளம். 'பைபோலார்' என்று கூடுதல் விலையில் சொல்லப்படும் இரட்டைப் பந்துக்காகக் கடன் வாங்கத் தேவையில்லை. சாதாரணப் பந்தைவிட அது முதியவர்களை நன்றாக நடக்கவைக்கிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. எலும்புச் சிமென்ட் வைத்துப் பொருத்துவதா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். சிமென்ட் வைத்தவர்கள் ஓரளவு நலமாக இருந்தார்கள், உலோகப் பந்தின் தண்டைச் சுற்றி எலும்பு விரிசல் விடுவதும் குறைந்தது என்று 2022இல் வந்த பிரிட்டன் ஆய்வு சொல்கிறது. சிமென்ட் வைக்கும் நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மயக்க மருத்துவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

மூட்டுறைக்கு வெளியே, கழுத்துக்குக் கீழே முறிந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் தாராளம்; எலும்பு எப்படியும் கூடிவிடும், ஆனால் விட்டுவிட்டால் குட்டையாகவும் கோணலாகவும் கூடும். இதற்குப் பந்தைத் தொடுவதில்லை. முறிவு நிலையாக இருந்தால் பிளேட்டும் திருகாணியும். நொறுங்கியிருந்தால் எலும்புக்குள்ளேயே இறக்கும் 'பி.எஃப்.என்.' ராடு. எதைப் போட்டாலும் பெரிய திருகாணியின் நுனி, பந்தின் நடுவில், உச்சிக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். இதற்கென எக்ஸ்ரேயில் அளக்கும் கணக்கு ஒன்று உண்டு. அது 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் திருகாணி பந்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறும் ஆபத்து கூடுகிறது. இம்போர்ட்டட் ராடும் தப்பான இடத்தில் உட்கார்ந்தால் வெளியேறத்தான் செய்யும்.

இவ்வளவும் தெரிந்த இடத்திலும் நாட்கள் வீணாவது 'ஃபிட்னஸ்' என்ற சொல்லில். சர்க்கரை கொஞ்சம் கூடுதல், எக்கோ எடுக்க ஆளில்லை, நாளை ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனின் வழிகாட்டுதல் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, அல்லது மறுநாளே ஆபரேஷன் என்கிறது. 2020இல் வெளியான 'ஹிப் அட்டாக்' ஆய்வு ஆறு மணி நேரத்தையும் 24 மணி நேரத்தையும் ஒப்பிட்டது. சாவு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் ஆபரேஷன் ஆனவர்களுக்குப் புத்தி குழம்புவது குறைந்தது, வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். ஆக, ராத்திரியோடு ராத்திரியாகக் கத்தி எடுக்க வேண்டியதில்லை. ஐந்து நாள் போட்டு வைப்பதற்கு நியாயமும் இல்லை. முதுகில் ஊசியா, முழு மயக்கமா என்ற கவலையும் வேண்டாம்: 1,600 பேரிடம் நடந்த 2021 ஆய்வில் அறுபது நாள் கழித்து இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

ஆபரேஷனே வேண்டாம் என்பது சரியாக இருக்கும் நேரமும் உண்டு. ஏற்கெனவே படுத்த படுக்கையாக, ஆளை அடையாளம் தெரியாமல், கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள். நெதர்லாந்தில் மிகவும் தளர்ந்து, ஆயுள் அதிகம் மீதியில்லாத முதியவர்களின் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்தபோது, பாதிப் பேர் வலி மருந்தோடு அமைதியாக விடைகொடுக்கும் வழியையே தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலானோர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். ஆனால் அவர்களுடைய கடைசி நாட்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுடையதைவிட மோசமாக இல்லை. நம்மூரில் இந்தப் பேச்சை எடுக்க டாக்டரும் தயங்குகிறார், மகனும் தயங்குகிறார்.

மற்றவர்களை ஆபரேஷனுக்கு மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைப்பார்கள். பந்து மாற்றியிருந்தால் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும். குத்தவைத்து உட்காருவதும், தரையில் சம்மணம் போடுவதும் கூடாது.

இவ்வளவு பாடுபட்டுவிட்டு விட்டுவிடுவது ஒன்று உண்டு: எலும்பு மெலிவுக்கான மருந்து. ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் வாய்ப்பு அதிகம். இடுப்பு முறிவுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை சோலெட்ரானிக் அமிலம் ஏற்றியவர்களுக்குப் புது முறிவுகள் 35 சதவீதமும் சாவு 28 சதவீதமும் குறைந்ததாக 2007இலேயே ஆய்வு வந்துவிட்டது. சிறுநீரகமும் வைட்டமின் டி அளவும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், தையல் பிரிக்கப் போகும் அன்றே கேட்டுவிடுங்கள்.