இரண்டு மழைக்கு நடுவே

மூட்டை முடிச்சு – 7

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குள் நேரு வீதிப் பக்கமாக நுழைந்து, பூக்கடைகளின் வாசனையைத் தாண்டிக் காய்கறி வரிசைக்கு வந்தால் இரண்டு உலகம் தெரியும். ஒரு பக்கம் கத்தரி, வெண்டை, முருங்கை, பூசணி என்று நாட்டுக்காய். இன்னொரு பக்கம் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், நூக்கல். கேரட்டைக் கையில் எடுத்த உடனே வாங்குகிறவர் கேட்பது விலையை அல்ல. "ஏங்க்கா, இது ஊட்டியா, பெங்களூரா?" என்பதைத்தான். "ஊட்டிதான்மா, பாத்தா தெரியல?" என்று பதில் வரும்.

குபேர் அங்காடி என்பது இந்தச் சந்தையின் அரசுப் பெயர். புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் நினைவாக வைத்தது. ஊர்க்காரர்களுக்கு அது என்றைக்கும் பெரிய மார்க்கெட்தான். கடைக்குக் கடை ஆணியில் ஒரு தினசரி நாட்காட்டி தொங்கும். வெளியூர்ப் பயணத்துக்கு நாள் குறிக்க நினைக்கிற குடும்பம் முதலில் அதைத்தான் புரட்டும். சிவப்பு எழுத்தில் என்ன இருக்கிறது, சனி ஞாயிறோடு ஒட்டிக்கொண்டு வருகிற விடுமுறை எது என்று பார்க்கும். மலைக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தாள் பாதி விவரம்தான் சொல்கிறது. மீதிப் பாதி மலை மேல் இருக்கிறது.

புதுச்சேரிக்கு இரண்டு தனி விடுமுறைகள் உண்டு. பக்கத்திலுள்ள கடலூரிலும் விழுப்புரத்திலும் அவை கிடையாது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதையே விரும்பினார்கள். அதன் பிறகு நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. அது விடுதலை நாள். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்றுச் சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. அது சட்டப்பூர்வ பரிமாற்ற நாள். சுதந்திர தினத்துக்கு மறுநாளும் லீவு என்றால் மலைக்குப் போகும் எண்ணம் வராமல் இருக்குமா?

அங்கேதான் சிக்கல். இந்த இரண்டு நாளும் நீலகிரியின் இரண்டு பெருமழைக் காலங்களுக்குள் போய் விழுகின்றன.

2019 ஆகஸ்ட் 8-ஐ ஒட்டிய நாட்களில் நீலகிரியின் மேற்கு ஓரத்தில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்போது கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கிடைத்தது அதில் சிறு பங்குதான். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 2009 நவம்பர் 10 அன்று, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கும் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. பதிவானது. அந்த வார நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சாலைகள் அறுந்தன, மலை ரயில் பாதையும் சிதைந்தது. அவலாஞ்சிக்கும் கேத்திக்கும் காக்கை பறக்கிற தூரம் 20 கி.மீ. இருக்கலாம். ஒரே மலைதான், ஏறக்குறைய ஒரே அளவு மழைதான். ஆனால் ஒன்று ஆகஸ்டில் மேற்கே, இன்னொன்று நவம்பரில் கிழக்கே.

காரணம் காற்றின் திசை. ஜூன் முதல் அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று கூடலூர், தேவாலா, மேல்பவானி, அவலாஞ்சிப் பக்கங்களில் மோதி, கொண்டுவந்த தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் ஊர்கள் மழை மறைவில் இருக்கும். அக்டோபர் கடைசியில் காற்று திரும்பும். வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்று முதலில் கடற்கரை மாவட்டங்களை நனைத்துவிட்டு, உள்ளே போய் மலையின் கிழக்குச் சரிவில் மோதும். பெரிய மார்க்கெட் வாசலில் குடையை விரிக்க வைக்கிற அதே காற்றுதான் குன்னூர் மலைப்பாதையில் மண்ணையும் சரிக்கிறது. புதுச்சேரியில் அடைமழை என்றால் அதைத் தப்பித்துக் குன்னூருக்குப் போகலாம் என்ற கணக்கு அதனால்தான் எடுபடுவதில்லை.

கேத்தி என்ற பெயர் புதுச்சேரிக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே இருந்த அரசுச் சோதனைப் பண்ணை 1836-இல் மூடப்பட்டது. அந்த இடம் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் சேன்-சிமோன் பிரபுவுக்கு வாடகைக்குப் போனது. கடற்கரை வெக்கையிலிருந்து தப்பிக்க இந்த ஊரின் ஆளுநரே நீலகிரியில் வீடு பிடித்திருந்தார். புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ழார்ழ் சாமுவேல் பெரோத்தே என்ற தாவரவியல் அறிஞரும் அந்த 1830களில் நீலகிரியில் செடிகள் சேகரித்தார். கைவிடப்பட்டுக் களைக்குள் மூச்சுத் திணறிக் கிடந்த தேயிலைச் செடிகளைக் கேத்தியில் கண்டவர் அவர். சுற்றிலும் மண்ணைச் சீர் செய்து அவற்றைப் பிழைக்க வைத்தார். இன்று மலையேறுகிறவர்கள் கைப்பேசியில் படம் பிடிக்கும் அந்தப் பச்சைச் சரிவுகளின் ஆரம்பக் கதையில் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலுள்ள ஒரு பூங்காவுக்கும் பங்கு இருக்கிறது. பூங்கா வாசலில் இதை நாலு வரியில் எழுதி வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை ஆர்வமாகப் படிப்பார்கள்!

இப்போது 2026-க்கு வரலாம். இந்த ஆண்டு ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியின் தனி விடுமுறைகள் வார விடுமுறையிலேயே கரைந்துவிடுகின்றன. மீதியில் கவனிக்க வேண்டியவை மூன்று. விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 14, திங்கள். காந்தி ஜெயந்தி அக்டோபர் 2, வெள்ளி. ஆயுத பூஜையும் விஜயதசமியும் அக்டோபர் 19, 20. திங்கள், செவ்வாய். சனி ஞாயிறையும் சேர்த்தால் கடைசியாகச் சொன்னது நான்கு நாள். எல்லோருடைய கண்ணும் அதன் மேல்தான் இருக்கும்.

போன ஆண்டு அந்தப் பூஜை நாட்கள் அக்டோபர் 1, 2-இல் வந்தன. இந்த ஆண்டு சந்திரக் கணக்கில் ஓர் அதிக மாதம் சேர்ந்ததால் பதினெட்டு நாள் தள்ளிப் போயிருக்கின்றன. நாட்காட்டியில் இது சின்ன நகர்வுதான். மலைக்கு அப்படி இல்லை. தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் என்று வானிலைத் துறை வைத்திருப்பது அக்டோபர் 20. சரியாக விஜயதசமி. 2024-இல் மழை அக்டோபர் 15-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. 2022-இல் 29 வரை தாமதித்தது. இப்படி முன்னும் பின்னும் போகிற ஒரு தேதியை நம்பி, நான்கு நாள் விடுமுறை என்ற ஒரே காரணத்துக்காகக் குன்னூரிலோ கொடைக்கானலிலோ அறைக்கு முன்பணம் கட்டுவது சரியான யோசனை அல்ல.

கடைக்காரர்களுக்கு அந்த நாட்கள் வேறொரு காரணத்தாலும் ஆகாது. ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாள் பெரிய மார்க்கெட்டில் நடக்க இடம் இருக்காது. சாமந்தி குவியும், வாழைக்கன்று கட்டுக் கட்டாய் வந்து இறங்கும், பொரியும் கடலையும் படி படியாய் அளப்பார்கள், திருஷ்டிப் பூசணி தெருவரைக்கும் உருண்டு கிடக்கும். பூ விற்கிறவர் அந்த வாரத்தில் ஊரை விட்டு நகர மாட்டார். மீன் பக்கம் நிலைமை நேர்மாறானது. புரட்டாசி பிறந்ததும் வீட்டுக்கு வீடு கவிச்சி நின்றுபோகும், கூடைகள் மெதுவாகத்தான் காலியாகும். ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கு ஓய்வான மாதம் இன்னொருவருக்கு உயிரைக் கொடுத்து உழைக்கிற மாதம்.

புரட்டாசிக்கு வேறு கட்டுகளும் உண்டு. சனிக்கிழமை பெருமாளுக்கு. திருவந்திபுரத்துக்கும் திருப்பதிக்கும் கூட்டம் கூட்டமாய்ப் போவார்கள். மகாளய அமாவாசை அக்டோபர் 10, அதுவும் சனிக்கிழமை. அன்று காலை கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்கிற வீடுகளில் வேறு ஊரைப் பற்றிய பேச்சே எழாது. மறுநாள் நவராத்திரி தொடங்கிவிடும், கொலு வைக்கிற வீட்டைப் பூட்ட முடியாது. பள்ளிகளும் ஒன்றுபோல் இல்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், தமிழ்நாட்டுக் காலாண்டு விடுமுறையை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது. திண்டிவனத்து அத்தை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப் போக நினைக்கிறவர்கள் இரண்டு பள்ளியின் அட்டவணையையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனையையும் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது செப்டம்பர் 20-லிருந்து அக்டோபர் 9 வரையிலான வார நாட்கள். தென்மேற்கு தளர்ந்து, வடகிழக்கு இன்னும் எட்டிப் பார்க்காத இடைவெளி. அதற்காக வானம் வறண்டு கிடக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். காலையில் பளிச்சென்று விடியும், பதினொரு மணிக்கு மேல் மேகம் திரளும், பிற்பகலில் இடி மழை இறங்கும். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் இந்த வகை மழை இன்னும் தாராளம். ஆண்டில் அதிகம் நனைகிற மாதங்களில் இவையும் உண்டு. ஏற்காட்டின் வசதி தூரம்தான். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியே சேலம் போய் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஊர். மழை வலுத்தால் அன்றே இறங்கிவிடலாம். கொடைக்கானலில் அந்தச் சுலபம் கிடையாது. கைக்குழந்தையோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைச் சொல்லிவிடும்.

எந்த மலையானாலும் நாளை இரண்டாக வகுத்துக்கொள்வதுதான் வழி. ஏறுவதும் இறங்குவதும் சுற்றிப் பார்ப்பதும் பிற்பகல் இரண்டு மணிக்குள். அதன் பிறகு சன்னலோரம், சூடாக ஏதாவது, பேச்சு. கடற்கரையில் செப்டம்பரிலும் 34 டிகிரி வரை அடிக்கும். ஊட்டியில் பகலிலேயே இருபதைத் தொடுவது கஷ்டம், விடியலில் பத்தை ஒட்டி இறங்கும். புதுச்சேரிக்காரர்கள் பீரோவில் தேடினாலும் கிடைக்காத ஒரு பொருள் ஸ்வெட்டர். அதை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலும் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகிற துணிப்பையும் போதும்.

மலை ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணியைத் தாண்டிக் கிளம்பி, 46 கி.மீ. தூரத்தை ஐந்து மணி நேரத்தில் கடக்கிற ரயில் அது. 1899-இல் குன்னூர் வரை வந்தது, 1908-இல் ஊட்டியைத் தொட்டது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 208 வளைவு, 16 குகை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். வடகிழக்கு மழையில் முதலில் மண் சரிந்து அடைபடுவதும் அந்தப் பகுதிதான். ரயில் ரத்தானால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். அப்படிப்பட்ட நாட்களிலும் குன்னூர்–ஊட்டி ரயில் பெரும்பாலும் ஓடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பேருந்தில் குன்னூர் போய் அங்கே ஏறினால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன நிலையங்களாக வரும்.

கேத்தியில் இடது வலது எங்கே பார்த்தாலும் படிப்படியாய்க் காய்கறித் தோட்டம். பக்கத்துப் பாலாடாவில் பிடுங்கிய கேரட்டைக் கழுவும் இயந்திரங்கள் இருக்கின்றன. மண் போய், ஆரஞ்சு நிறம் துலங்கி, மூட்டையாகி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்து லாரியேறிச் சமவெளி முழுக்கப் பிரிந்து போகும். பாதையில் மண் சரிந்து லாரி நின்றால் சமவெளிச் சந்தைகளுக்கு வரத்து குறையும், விலை ஏறும். "மேல மழைங்க, லோடு வரல" என்று காய்கறிக்காரர் சொன்னால், மலைக்குக் கிளம்ப இருக்கிறவர்களும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளலாம். வானிலைத் துறையின் அறிவிப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டிய நல்ல தடயம் அது.

ஒரு கணக்கு இப்படிப் போடலாம். செப்டம்பர் 27, ஞாயிறு இரவு பேருந்து. திங்கள் காலை கோவை, மதியத்துக்குள் குன்னூர். செவ்வாய் சிம்ஸ் பூங்காவும் கேத்திக்கு ரயிலும். புதன் காலை தொட்டபெட்டா, மேகம் மூடுமுன்னே திரும்பிவிட வேண்டும். அக்டோபர் 1, வியாழன் விடிந்ததும் இறக்கம். பர்லியார் வளைவுகளில் இறங்குகிறவர்களுக்கு எதிரே, காந்தி ஜெயந்தி விடுமுறைக்காக மலையேறும் கார்களின் வரிசை அன்று முற்பகலிலேயே நீளத் தொடங்கியிருக்கும்.