பல்லால் ரயிலை இழுக்கலாம்... பள்ளத்தில் டிரெய்லரை நிறுத்த முடியுமா?

செமோர் வழியாகச் சுங்கை சிப்புட் போகும் பழைய பெரிய சாலையில் எதைத்தான் இழுத்துப் போகவில்லை! அன்று தோட்டத்து ரப்பர்ப் பால். பிறகு செம்பனைக் குலை. கந்தான் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், சிமெண்டு. இன்று ஹைலக்ஸுக்குப் பின்னால் படகும் குட்டி மண்வாரியும்! கொக்கியை மாட்டி எண்ணெயை மிதித்தால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் நிற்குமா? அதிசயம் அத்தனையும் அங்கேதான்!

297 டன் ரயிலைப் பல்லால் இழுத்த தமிழரைத் தெரியுமா?

'ராஜா கிகி' என்று மலேசியா கொண்டாடும் ராதாகிருஷ்ணன் வேலுதான் அவர்! 2003இல் கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் 260.8 டன் ரயிலை 4.2 மீட்டர் இழுத்தார். 2007இல் 297.1 டன் ரயிலை 2.8 மீட்டர்! பல்லுக்கு வலு உண்டுதான், தண்டவாளமும் கைகொடுத்தது. இரும்புச் சக்கரம் இரும்பில் உருளும்போது தடை மிக மிகக் குறைவு. சமதரையில் மெல்ல நகர்த்துவதற்கும் ஓடுகிற பாரத்தை அடக்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்!

விண்கலத்தையே ஒரு பிக்கப் இழுத்தது தெரியுமா?

2012 அக்டோபர் 12. லாஸ் ஏஞ்சல்ஸில் 'எண்டெவர்' விண்கலம் அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில் ஒரு பாலம் குறுக்கிட்டது. வழக்கமான கனரகச் சுமைவண்டிகளைப் பாலம் தாங்காது. வந்தது டொயோட்டா டுண்ட்ரா பிக்கப்! சுமார் 130 டன் பாரத்தை இழுத்துப் பாலத்தைத் தாண்டியது. ஆமை வேகத்தில், மூடிய சாலையில், சுற்றிலும் நிபுணர்களோடு! இந்த மூன்றும் நம் சாலையில் கிடைக்குமா?

திருவாரூர்த் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் உண்டு, தெரியுமா?

96 அடி உயரம், சுமார் 300 டன் எடை! வடம் பிடித்து இழுக்க ஆயிரக்கணக்கில் கைகள் சேரும். அவ்வளவு பெரிய ஆழித்தேரை அன்று நிறுத்தியதும் திருப்பியதும் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைகள்! உயிரைப் பணயம் வைத்த வேலை அது. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது.

3,500 கிலோ, ஒரே நொடியில் 750 ஆகும், தெரியுமா?

ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற பிக்கப்புகளுக்கு ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி. வண்டியின் சொந்த எடையோ சுமார் 2,000 கிலோதான். நாய்க்குட்டி வாலை ஆட்டாமல் வால் நாய்க்குட்டியை ஆட்டும் கதை! ஆனால் அந்த 3,500 கிலோ, டிரெய்லருக்கும் தனி பிரேக் இருந்தால் மட்டுமே. இல்லையென்றால் எல்லை வெறும் 750 கிலோ! எஞ்சின் அதேதான், கொக்கியும் அதேதான். பிரேக் மட்டுமே வேறு.

கொக்கியில் ஐந்து ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், தெரியுமா?

டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியை அழுத்த வேண்டும். 3,500 கிலோவுக்கு அது குறைந்தது 350 கிலோ; 70 கிலோ ஆட்கள் ஐவர்! கூடிப்போனால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகும். ஸ்டீரிங் பிடி தளரும். குறைந்துபோனாலோ இன்னும் மோசம்! பாரம் பின்னால் தள்ளி இருந்தால் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடி, கடைசியில் பிக்கப்பையே புரட்டிப் போடும். அதனால்தான் பாரத்தில் 60 விழுக்காட்டை முன்பாதியில் ஏற்றச் சொல்கிறார்கள். ஆட்டம் வந்துவிட்டதா? ஸ்டீரிங்கை வெட்டாதீர்கள், பிக்கப் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து எண்ணெயை மட்டும் விடுங்கள். டிரெய்லர் பிரேக்கைத் தனியே போட வசதி இருந்தால் அதை மட்டும் போடுங்கள்.

நிறைந்த தொட்டியைவிட அரைத்தொட்டி ஆபத்து, தெரியுமா?

முழுத் தொட்டியில் ரப்பர்ப் பால் அசைய இடமில்லை. அரைத்தொட்டியிலோ பிரேக் போட்டதும் மொத்தப் பாலும் முன்னால் பாய்ந்து மோதும். வளைவில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும்! திரவம் ஏற்றும் தொட்டிகளுக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான். ரப்பர்ப் பாலானாலும் தண்ணீரானாலும் விதி ஒன்றுதான்.

ஓர் இறக்கத்தில் 36 லிட்டர் தண்ணீர் கொதிக்கும், தெரியுமா?

பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 5,500 கிலோ. 200 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிறக்கும் வெப்பம், 36 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும்! அது முழுவதும் பிரேக்கில்தான் இறங்கும். சூடேறிய பிரேக் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாறி, எஞ்சினே வண்டியை அடக்கும்படி விட வேண்டும். வேகக் கணக்கு இன்னும் பொல்லாதது: 60இலிருந்து 80 கிலோமீட்டருக்குப் போனால் பிரேக்குக்கு வேலை கிட்டத்தட்ட 1.8 மடங்கு!

நம்பவில்லையா? கோலகங்சாரிலிருந்து மெனோரா சுரங்கம் தாண்டி ஈப்போவுக்கு இறங்கும் நெடுஞ்சாலையைக் கேளுங்கள். அந்த இறக்கத்தின் அடியில்தான் ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காத கனரக வண்டிகள் வந்து மோதிய விபத்துகள் நடந்தன. 2009இல் சாவடியே எடுக்கப்பட்டது!

அளவு மீறிய பாரம் அடுத்தவரையும் கொல்லும், தெரியுமா?

2025 மே 13. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்புப் பணி முடித்து ஈப்போ திரும்பிக்கொண்டிருந்த எஃப்ஆர்யு காவலர்களின் வண்டியும் சரளைக்கல் லோரியும் மோதின. 9 காவலர்கள் மாண்டார்கள். லோரியின் ஸ்டீரிங் கோளாறும் அளவு மீறிய பாரமும் விசாரணையில் வெளிவந்தன.

சங்கிலியைக் குறுக்காக மாட்டுவது ஏன், தெரியுமா?

கொக்கி கழன்றால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல், குறுக்கே போன இரண்டு சங்கிலிகளும் தொட்டில்போல் தாங்கிக்கொள்ளும்! சிறு செலவு, சில நொடி வேலை. ஆகவே 'என் பிக்கப் எதையும் இழுக்கும் அண்ணே' என்று யாராவது மார்தட்டினால் குதிரைத்திறனைக் கேட்காதீர்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டா, பாரம் எத்தனை கிலோ, சங்கிலி எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு வண்டி கிளம்பட்டும்!