பழைய துப்பாக்கியும் பழைய தோட்டாவும்: விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில் நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி பயிரிடும் சில விவசாயிகளின் வீட்டுப் பரணில் ஒரு பழைய துப்பாக்கி இருப்பது உண்டு. பாட்டனார் காலத்தில் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க லைசென்சு பெற்று வாங்கியதாக இருக்கும். கூடவே ஒரு தகர டப்பாவில் நாலைந்து தோட்டாக்களும் கிடக்கும். வாங்கியவர் காலமாகிவிட்டார், கையாளத் தெரிந்தவரும் வீட்டில் இல்லை. வெள்ளாமையில் பன்றி இறங்கிய ஓர் இரவில் அவசரமாக அதை எடுத்துச் சுட முற்பட்டால், பன்றிக்கு முன்னால் சுடுபவரின் கைவிரலுக்கும் கண்ணுக்கும்தான் ஆபத்து. சட்டச் சிக்கலும் உடன் வரும்.

லைசென்சு யார் பெயரில்?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். பயிர்ப் பாதுகாப்புக்காக, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு வழங்க இச்சட்டம் இடம் தருகிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான குழலுடைய வேறு துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் லைசென்சின் காலம் 5 ஆண்டுகள்.

லைசென்சு என்பது நிலத்தைப் போல மகனுக்குத் தானாக வந்து சேரும் சொத்து அன்று. லைசென்சுதாரர் காலமானால் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். லைசென்சுதாரர் உயிருடன் இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றிக்கொள்ள 2016-ஆம் ஆண்டு விதிகள் வழி செய்துள்ளன.

‘துருப்பிடித்த பழைய துப்பாக்கிக்கு லைசென்சு எதற்கு?’ என்று எண்ணுவோர் உண்டு. பழுது பார்த்தாலும் சுட இயலாத பழைய ஆயுதத்துக்கே இச்சட்டத்தில் விலக்கு உண்டு. அதை வீட்டுக்காரரே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

பன்றியைச் சுடலாமா?

கூடாது. துப்பாக்கிக்கு லைசென்சு இருப்பது வேட்டைக்கு அனுமதி ஆகாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. மயிலைச் சுடுவது இன்னும் கடுமையான குற்றம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட ஏற்பாட்டின்படி, காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம் என்றாலும், சுட வேண்டியவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினரே. ஆகவே பயிர்ச் சேதம் கண்டவுடன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, இழப்பீட்டுக்கும் விண்ணப்பிப்பதே முறை.

நுழைவதெல்லாம் பொருந்துவதல்ல

முறையான லைசென்சு உள்ளவர்களும் தோட்டா விஷயத்தில் தவறிவிடுகிறார்கள். ‘12 போர்’ என்பது குழலின் அளவு. அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் 12 ஈயக் குண்டுகள் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பது இதன் பொருள். எனவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், 20 போர் குழலுக்கு 15.6 மில்லிமீட்டர்.

12 போர் துப்பாக்கியில் தவறுதலாக 20 போர் தோட்டாவைப் போட்டால் அது வழுக்கிச் சென்று குழலுக்குள் சிக்கி நிற்கும். பின்புறம் காலியாகத் தெரிவதால், தோட்டா போடவில்லை என்று எண்ணி 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், சிக்கிய தோட்டாவும் சேர்ந்து வெடித்துக் குழலே பிளந்துவிடும். இதனால்தான் 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. பழைய தோட்டாக்களில் இந்த நிற அடையாளத்தை நம்ப முடியாது. தோட்டாவின் அடித்தட்டில் பொறித்துள்ள எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும்.

நீளமும் முக்கியம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பல, 2½ அங்குலத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. இன்று பரவலாகக் கிடைப்பது 2¾ அங்குலம். வாய் மடித்திருப்பதால் நீளத் தோட்டாவும் உள்ளே நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் மிகுந்துவிடும்.

குழலின் மேல் அலையலையாக வரிகள் தெரிந்தால், அது இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்துச் செய்த பழைய குழலாக இருக்கலாம். இத்தகைய குழல்கள் பெரும்பாலும் கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் பயன்படுத்துவது ஆபத்து.

இச்சிக்கல் மேல்நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனி 1912-இல் வெளியிட்ட ‘மாடல் 14’ என்ற ரைபிளில், குழலுக்கு அடியிலுள்ள பிடியைப் பம்பு அடிப்பது போல் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா மாற்ற வேண்டும். அதற்கு .25, .30, .32, .35 என நான்கு வகைத் தோட்டாக்கள் இருந்தன. முதல் மூன்றும் வழக்கொழிந்துவிட்டன. துப்பாக்கி நல்ல நிலையில் இருந்தும் தோட்டா கிடைப்பது அரிது. அதற்காக ஏறத்தாழ அதே அளவுள்ள வேறு தோட்டாவைப் போட்டுப் பார்ப்பது அங்கும் விபத்துக்கே வழி.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி

இவ்வகைத் துப்பாக்கியில், பல ஆண்டுகளுக்கு முன் கெட்டித்த மருந்து இன்னும் உள்ளேயே இருக்கலாம். கரிமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவை. வறண்ட நிலையில் அது எத்தனை ஆண்டானாலும் வீரியம் இழக்காது.

இதை அறிய எளிய சோதனை உண்டு. முதலில் கேப் மாட்டியிருக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். முகத்தையும் உடலையும் குழலின் வாய்க்கு நேரே கொண்டுவராமல், ஒரு மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, அது நிற்கும் இடத்தில் குழல் வாயருகே அடையாளம் இட வேண்டும். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளியே வைத்துப் பார்க்க வேண்டும். குச்சியின் முனை, கேப் மாட்டும் இடம் வரை எட்டாமல் சில அங்குலம் முன்னதாகவே நின்றால் உள்ளே மருந்தோ வேறு அடைப்போ உள்ளது என்று பொருள். அதைத் தோண்டி எடுக்க முயலாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

வெகுநாள் கிடந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு. சிறு மண்ணடைப்பும் குழலை வெடிக்கச் செய்யும். எக்காரணம் கொண்டும் தோட்டாவைப் பிரித்தெடுத்த புகையில்லா மருந்தை இத்துப்பாக்கியில் கெட்டிக்கக் கூடாது.

தோட்டா வெடிக்காவிட்டால்

ஈரத்தில் உப்பிய காகிதத் தோட்டா, பச்சை பூத்த பித்தளைத் தோட்டா ஆகியவற்றை அறவே ஒதுக்க வேண்டும். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காமல், ஆளில்லாத திசையில் நீட்டியபடி குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியானால் இரண்டு நிமிடமாவது பொறுக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால் குழலில் ஏதேனும் சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைப் போடக் கூடாது.

கெட்டுப்போன தோட்டாக்களை அடுப்பில் போடுவதும், கிணற்றில் எறிவதும், புதைப்பதும் தவறு. எண்ணிக் குறித்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பராமரிப்பு

கரிமருந்தின் கசடும் பழைய கேப்புகளின் உப்புக் கசடும் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவைத் தொடங்கிவிடும். எண்ணெய் மட்டும் இதற்குப் போதாது. உப்பு நீரில்தான் கரையும். எனவே வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, பிறகு மெல்லிய இயந்திர எண்ணெய் தடவ வேண்டும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். தோல் உறையிலோ சாக்கிலோ சுற்றி வைத்தாலும் துருப்பிடிக்கும். துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி, சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மருந்து கெட்டித்தபடி ஒரு நாளும் வைக்கக் கூடாது.

லைசென்சு, குழல், தோட்டா ஆகிய மூன்றில் ஒன்றில் ஐயம் இருந்தாலும் அந்தத் துப்பாக்கியைத் தொடாமல் ஒப்படைத்துவிடுவதே நல்லது. ஒரு காட்டு மரவள்ளி போனால் அடுத்த பட்டத்தில் மீண்டும் நடலாம். உழுகிற கை போனால் திரும்ப வராது.