ஹவாய்க் கித்தார்

சென்னை மாநகரின் ஒரு பகுதியாகிய கோடம்பாக்கம் திரைப்படத் தொழிலால் பெயர் பெற்றது. காரைக்குடியில் இயங்கிவந்த ஏவி.எம். படப்பிடிப்பு நிலையம் 1948ஆம் ஆண்டில் இப்பகுதிக்குப் பெயர்ந்து வந்தது. வேறு நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் அதனைச் சூழ எழுந்தன. வயலினும் வீணையும் புல்லாங்குழலும் தபலாவும் ஒருங்கே முழங்கிய அக்கூடங்களில் அயல்நாட்டுக் கருவியொன்றும் இடம் பெற்றது. நிலவொளி, கடற்கரை, பிரிவுத்துயர் என்றாற்போன்ற காட்சிகளுக்கு அதன் குழைந்த நாதம் மிகவும் பொருந்திற்று. ஒரு சுரத்தினின்று மற்றொரு சுரத்திற்குத் தாவாமல், வழுக்கிச் செல்லும் நாதம் அது. அந்நாதத்தில் மனம் உருகினோர் பலர். அக்கருவி எங்கே பிறந்தது என்று உசாவினோர் சிலரே. அதுவே ஹவாய்க் கித்தார்.

ஹவாய்த் தீவுகள் பசிபிக் மாகடலின் நடுவே, கலிபோர்னியக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. கித்தார் அத்தீவுகளின் தொல்கருவி அன்று. அது அங்கே வந்து சேர்ந்த வரலாறு விந்தையானது. 1793ஆம் ஆண்டில் வான்கூவர் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவர் அந்நாட்டு மன்னருக்குக் கால்நடைகளைக் கையுறையாக அளித்தார். அவற்றைக் கொல்லலாகாது என மன்னர் தடை விதிக்கவே, அவை பல்கிப் பெருகி விளைநிலங்களை அழிக்கத் தலைப்பட்டன. அவற்றை அடக்கும் தொழிலறிந்த மாட்டுக்காரர்கள் 1830ஆம் ஆண்டினை ஒட்டி மெக்சிக நாட்டுப் பகுதிகளிலிருந்து வருவிக்கப்பட்டனர். மாட்டைப் பிடிக்கும் கயிற்றோடு அவர்கள் கித்தாரையும் கொணர்ந்தனர். தீவினர் அக்கருவியை விரும்பி ஏற்று, அதன் தந்திகளைத் தளர்த்தித் தம் செவிக்கு இனிய முறையில் சுருதி கூட்டிக்கொண்டனர்.

தந்தியின்மேல் இரும்பை உராய்த்து வாசிக்கும் முறை பிற்காலத்தது. அதனைக் கண்டவர் ஜோசப் கெகூகூ என்பது பலர் துணிபு. ஓவாஹூத் தீவில் 1874இல் பிறந்த இவர், இளம் மாணவராய் இருந்தபோது இருப்புப்பாதையோரம் கிடந்த ஆணியொன்றை எடுத்துத் தந்திமேல் நகர்த்த, எழுந்த புதிய ஒலியில் மனம் பறிகொடுத்தார் என்று கூறுவர். கதை எவ்வாறாயினும், வழவழப்பான எஃகுத் துண்டைக் கொண்டு அவர் அம்முறையைப் பயின்று தேர்ந்தது மெய். 1904இல் தாயகம் விட்டுச் சென்ற கெகூகூ, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்துப் புகழ் ஈட்டி, 1932இல் மறைந்தார்.

இனி, வாசிக்கும் முறையைக் காண்போம். ஏனைய கித்தாரை வாசிப்போர் அதனை மார்போடு அணைத்து, விரல்களால் தந்தியை மெட்டின்மேல் அழுத்துவர். ஹவாய்க் கித்தாரோ மடிமீது மல்லாந்து கிடக்கும். அதன் தந்திகள் பலகையினின்று உயர்த்திக் கட்டப்பெற்றிருக்கும். வலக்கை விரல்கள் தந்தியை மீட்ட, இடக்கையிலுள்ள எஃகுத் துண்டு தந்தியைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்து செல்லும். தந்தி மெட்டிற் படுவதில்லையாதலின், மெட்டுகள் இடம் காட்டும் குறிகளாகவே நிற்கின்றன. எஃகு ஒரு நூலளவு பிசகினும் சுரம் பிசகும்; அதனைத் திருத்த வாசிப்பவரின் செவியையன்றி வேறு துணை இல்லை.

சுரங்களுக்கிடையே தங்குதடையின்றிச் செல்லும் இவ்வியல்பு நம் இசைக்கு உயிரானது. ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று நம் இசைவாணர் பகர்வது இவ்வழுக்கலையே. மெட்டில்லாத தண்டின்மேல் உருளைக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கோட்டுவாத்தியம் தமிழகத்தார் அறிந்த கருவி. திருவிடைமருதூர் சகாராம ராவ், நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் முதலியோர் அதிற் பெரும்புலமை பெற்று விளங்கினர். இக்கருவிகளின் ஒப்புமையைக் கண்டு, இந்தியாவிற் பிறந்த டேவியன் என்னும் ஒருவரே ஹவாயில் இம்முறையை முதலிற் காட்டினார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கேட்க நமக்கு இனிக்கும் கதைதான். எனினும் ஐயந்திரிபறச் சான்று கிடைக்கும்வரை அதனைக் கதையென்றே கொள்ளுதல் தகும்.

ஹவாய்க் கித்தார் இந்தியாவிற் பரவியதற்கோ சான்று உண்டு. டாவ் மோ என்னும் கலைஞர் தம் குழுவினருடன் 1929இல் இந்நாட்டிற்கு வந்தார். பின்னர் 1940களிற் கல்கத்தாவிற் பல்லாண்டு தங்கி வாசித்தார். அந்நகரத்தார் இக்கருவியைத் தமதாக்கிக்கொண்டனர். ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா இதில் இந்துஸ்தானி இராகங்களை விரித்து வாசித்தார். விசுவ மோகன் பட் என்பார் அனுசுரத் தந்திகளைச் சேர்த்து மோகன வீணை எனப் பெயரிட்டு, அதனை வாசித்தமைக்காக 1994இல் கிராமி விருதும் பெற்றார்.

ஹவாய் இசையரங்கு கித்தாரோடு முடிவதன்று; பாட்டே அதன் உயிர்நிலை. பழங்காலத்தில் சுரைக்குடுக்கை முழவின் தாளத்திற்கேற்ப ஓதப்பட்ட பாடல்களும், அவற்றின் பொருளை மெய்ப்பாட்டாற் காட்டும் ஹூலா என்னும் ஆடலும் அவர்தம் இலக்கியமாகவும் வரலாறாகவும் விளங்கின. அம்மொழிக்கு எழுத்துகள் 13. உயிர் 5, மெய் 8. சொல்லின் ஈற்றில் மெய் நிற்பதில்லை. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வருவதும் இல்லை. நம் நெடுங்கணக்கில் எழுதினால் பெரும்பாலும் புள்ளி வைக்க வேண்டியிராத மொழி! எந்த அசையையும் உயிரோசையில் நீட்டிப் பாடலாம். எஃகு நகரும்போது கித்தார் நீட்டும் நாதத்தோடு பாடுவோர் குரல் கலந்தொலிக்க இவ்வமைதி துணைசெய்கிறது.

உலகறிந்த ஹவாய்ப் பாடல் 'அலோஹா ஓவே' ஆகும். அதனை இயற்றியவர் லிலியுவோகலானி. இளவரசியாய் இருந்த காலத்தில், 1878ஆம் ஆண்டளவில், அவர் அதனை இயற்றினார். பின்னர் அரசியாகி ஆண்டுவந்த அவரிடமிருந்து 1893இல் ஆட்சி பறிக்கப்பட்டது. 1895இல் அவர் தம் அரண்மனையிலேயே சிறை வைக்கப்பட்டார். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி எனச் சட்டம் பிறந்தது. தாய்மொழி பேசிய பிள்ளைகள் பள்ளியில் தண்டிக்கப்பட்டனர். 1915ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோப் பொருட்காட்சியில் ஹவாய்க் கித்தாரைக் கேட்ட அமெரிக்க மக்கள் அதன்மீது பெரும் மோகம் கொண்டனர். ஹவாயை ஆங்கிலத்திற் பாடும் மெட்டுகள் மலிந்தன. கருவி உலகை வென்றுகொண்டிருந்த அதே காலத்தில், அக்கருவியோடு பிறந்த பாடல்களின் மொழி வீட்டுத் திண்ணையிலும் தேய்ந்துவந்தது.

எனினும் பாடகர்கள் பழம்பாடல்களை விடவில்லை. பேச்சில் மறைந்த சொற்கள் பலவும் பாட்டிலும் ஓதுதலிலும் தங்கின. 1970களில் இளைஞர்கள் அப்பாடல்களின் பொருளை நாடி முதியோரிடம் சென்றனர். 1978இல் ஹவாய் மொழி மீண்டும் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 1984இல் அம்மொழி ஒன்றையே பேசும் மழலையர் பள்ளி தொடங்கப்பெற்றது. 'மொழிக்கூடு' என்பது அப்பள்ளியின் பெயர்ப்பொருள். அங்குப் பயிலும் குழந்தைகளின் பெற்றோருட் பலர் அம்மொழியை அறியாதவர். அவர்களும் மாலையில் வந்தமர்ந்து தம் மக்களோடு பாடிப் பயிலலாயினர்.