இரவல் கண்

கதாபாத்திரத்தின் கண் இருக்கும் இடத்தில் கேமராவை வைத்து, அது காண்பதையே பார்வையாளருக்கும் காட்டுவதைத் திரைத்துறையினர் பி.ஓ.வி. ஷாட் என்பர், தமிழில் அதைப் பார்வைக் காட்சி எனலாம். கையில் காசில்லாமல் எடுக்கப்படும் திகில் குறும்படங்களில் இந்த உத்திக்கு இருக்கும் செல்வாக்குக்கு முதற்காரணம் சிக்கனம்: கேமராவே பேயின் கண்ணாகிவிட்டால் பேய்க்கு ஒப்பனை வேண்டாம், உடை வேண்டாம், நடிகரும் வேண்டாம். ஆனால் ஒருவர் தலையில் கேமராவைக் கட்டி ஓடவிட்டு எடுத்த படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தால், பெரும்பாலும் கிடைப்பது திகில் அன்று, தலைசுற்றலே. இதற்கான விளக்கத்தை ஒளிப்பதிவுக் கையேடுகளைவிட உடலியல் தெளிவாகத் தருகிறது.

இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டிப் பார்த்தால் எழுத்துகளைத் தடையின்றிப் படிக்க முடியும். தலையை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் பக்கத்தை ஆட்டினால் எழுத்துகள் கலங்கிவிடும். காதுக்குள் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை உணர்ந்து, கண்ணை அசைக்கும் தசைகளுக்கு நேரடியாகச் சொல்லிவிடுகின்றன. ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு விநாடிக்குள் விழிகள் தலைக்கு எதிர்த்திசையில் அதே அளவு திரும்பிவிடுவதால், விழித்திரையில் விழும் பிம்பம் நகராமல் நிற்கிறது. உட்செவியையும் விழியையும் இணைக்கும் இந்த அனிச்சைச் செயலின் தயவில்தான், ஓடும் மனிதனுக்கு உலகம் குலுங்குவதாகத் தோன்றுவதில்லை. தலையில் கட்டிய கேமராவுக்கு அந்த அனிச்சைச் செயல் கிடையாது. அது பதிவு செய்வது தலையின் அசைவை. மனிதர் அனுபவிப்பதோ மூளை திருத்திக் கொடுத்த உலகை. ஆகவே பார்வைக் காட்சி எடுப்பவர் பின்பற்ற வேண்டியது கண்ணின் இருப்பிடத்தை மட்டுமன்று, கண் பெறும் அந்த நிலைத்தன்மையையும்தான்.

காசில்லாதவர்கள் இந்த நிலைத்தன்மையைப் பெற்ற விதத்துக்கு மிகச் சிறந்த சான்று அமெரிக்க இயக்குநர் சாம் ரெய்மியின் 'தி ஈவில் டெட்' (1981). முதலீட்டாளர்களிடம் காட்டுவதற்காக 1978-இல் சுமார் 1,600 டாலரில் சூப்பர்-8 பிலிமில் 'வித்தின் தி வுட்ஸ்' என்ற அரைமணி நேரக் குறும்படத்தை எடுத்திருந்தது ரெய்மியின் இளைஞர் குழு. பின்னர் டென்னசி மாநிலத்து மோரிஸ்டவுன் அருகே, காட்டுக்குள் இருந்த பாழடைந்த மரவீட்டில் 16 மில்லிமீட்டர் கேமராவுடன் முழுநீளப் படத்தை எடுத்தபோது, காட்டில் அலையும் கண்ணுக்குத் தெரியாத சக்தியின் பார்வையைக் காட்ட அவர்களிடம் குலுக்கலைத் தணிக்கும் ஸ்டெடிகாம் தாங்கி இல்லை. நீண்ட மரப்பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு மரங்களுக்கிடையே ஓடினர். அவ்வளவுதான் கருவி. கேமரா தரையை ஒட்டிச் சீராகக் கிழித்துக்கொண்டு போகும் அந்தக் காட்சிகளை இன்று பார்த்தாலும் முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

பலகை செய்த வேலை எளிய வடிவியல். மூன்று மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையைப் பிடித்தவர் பள்ளத்தில் கால்வைத்து 10 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டாலும் கேமரா சாய்வது ஏறத்தாழ 2 பாகைதான். ஆனால் இரு கைகளுக்கிடையே 15 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள சிறு கேமராவில் ஒரு கை 1 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே சட்டகம் கிட்டத்தட்ட 4 பாகை சாய்ந்துவிடும். சுழற்சியைத் தடுக்கும் பண்பை இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்பர். நிறை மையத்திலிருந்து விலக விலக, தூரத்தின் இருமடிக்கேற்ப அது கூடுவதால், நீண்ட பலகை சுழற்சியை மேலும் எதிர்க்கிறது. கண்ணை உறுத்துவது கேமராவின் சுழற்சிதானே தவிர, மேலும் கீழுமான சிறு ஏற்ற இறக்கம் அன்று; ஏனெனில் சுழற்சியில் அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் ஒன்றாகத் துள்ளுகின்றன, ஏற்ற இறக்கத்திலோ அருகிலுள்ளவை மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு நகர்கின்றன. அகலக்கோண லென்ஸும் இதற்குத் துணை நிற்கிறது. குவியத்தொலைவு பாதியானால் அதே கைநடுக்கம் திரையில் உண்டாக்கும் நகர்வும் பாதியாகக் குறையும். கைபேசிகளின் முதன்மை லென்ஸ் ஏற்கெனவே அகலக்கோணமாகவே இருப்பதால், ஒரு சவுக்குக் கழியும் நாலு ரப்பர் பட்டையும் வைத்திருக்கும் மாணவர் இன்று அந்தப் பலகையைத் தாமே செய்துகொள்ளலாம்.

தரையை ஒட்டி ஓடியதற்கும் காரணம் உண்டு. முன்னேறிச் செல்லும்போது காட்சிப்புலத்தில் உள்ளவை அனைத்தும் ஒரு புள்ளியிலிருந்து வெளிநோக்கி விரிந்து ஓடுவதைக் காட்சியோட்டம் என்று புலனுணர்வு ஆய்வாளர்கள் அழைக்கின்றனர். மூளை வேகத்தை மதிப்பிடப் பெரிதும் நம்புவது இதைத்தான். தரை பின்னோக்கி ஓடும் வேகம் கேமராவின் உயரத்துக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த கேமராவை 30 சென்டிமீட்டருக்கு இறக்கினால், ஓடுபவரின் கால்வேகம் மாறாமலேயே தரை ஐந்து மடங்கு விரைவாக ஓடுவதுபோல் தோன்றும். உயரம் வேகத்தை மட்டும் சொல்வதில்லை, பார்ப்பவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறது. ஜான் கார்ப்பென்டர் சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த 'ஹாலோவீன்' (1978) படத்தின் தொடக்கத்தில், ஒரு வீட்டைச் சுற்றிவந்து, சமையலறைக்குள் நுழைந்து கத்தியை எடுத்து, மாடிக்கு ஏறிச்செல்லும் நீண்ட பார்வைக் காட்சி பனாகிளைட் என்னும் உடலில் அணியும் தாங்கியைக் கொண்டு எடுக்கப்பட்டது. கேமரா வளர்ந்த ஒருவரின் கண்ணுயரத்தில் செல்வதால், பார்ப்பவர் மனத்தில் ஒரு வளர்ந்த கொலைகாரனே உருவாகிறான். முகமூடி கழற்றப்படும்போது நிற்பது ஆறு வயதுச் சிறுவன். கத்தியை எடுக்கும் கை, படத்தின் தயாரிப்பாளரும் திரைக்கதையாசிரியர்களில் ஒருவருமான டெப்ரா ஹில்லின் கை. சிறுவன் முகமூடியை அணிந்ததும் சட்டகம் இரண்டு கண்துளைகளாகச் சுருங்குவதும் கவனிக்கத்தக்கது: அட்டையில் வெட்டிய இரண்டு ஓட்டைகள் போதும், பார்வையாளரின் பார்வைப்புலத்தில் பெரும்பகுதி பறிபோய்விடுகிறது.

இந்தப் பறிப்பில்தான் முழு உத்தியின் உயிரும் இருக்கிறது. மனித விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவே. சுமார் 2 பாகை. அந்தச் சிறு பகுதியைக் கொண்டு உலகம் முழுவதையும் தடவிப் பார்ப்பதற்காக விழிகள் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவுகின்றன. பின்னால் சருகு நொறுங்கும் ஒலி கேட்டால் ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்குள் விழி அத்திசை நோக்கித் தாவத் தொடங்கிவிடும், தலையும் தொடரும். தாவும்போது காட்சி கலங்குவதை மூளை மறைத்துவிடுவதால், நிஜ வாழ்வில் எவரும் இடத்திலிருந்து வலத்துக்கு ஒரே சீராக வழுக்கிச் செல்லும் உலகைக் காண்பதில்லை. அப்படியிருக்க, திகில் படத்தின் பார்வைக் காட்சியில் கேமரா மெதுவாக, மிக மெதுவாகத் திரும்புவது உடலியல்படி பொய். ஆயினும் அந்தப் பொய் அவசியமானது. ஒலி கேட்ட மூலைக்குப் பார்வையாளரின் கண் தாவத் துடிக்கிறது. அந்த மூலையோ இன்னும் சட்டகத்துக்குள் வரவில்லை. கண்ணை இரவல் கொடுத்த கேமரா, அதைத் திருப்பும் உரிமையைக் கொடுக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு விநாடியில் கிடைத்திருக்க வேண்டிய விடை நான்கைந்து விநாடி தாமதமாகும் அந்த இடைவெளியில்தான் திகில் குடியிருக்கிறது. எனவே குலுக்கலில் உடலியலுக்கு உண்மையாகவும், திரும்பும் வேகத்தில் உடலியலுக்கு மாறாகவும் நடந்துகொள்வதே நல்ல பார்வைக் காட்சியின் இலக்கணம். பல குறும்படங்கள் இதைத் தலைகீழாகச் செய்து கெட்டுப்போகின்றன: கேமரா குலுங்குகிறது, ஆனால் ஆபத்து இருக்கும் இடத்துக்கு உடனே திரும்பிவிடுகிறது.

தாமதம் எவ்வளவு என்பது பார்வையாளருக்குத் தெரிந்துவிடவும் கூடாது. திடீர் ஒலி கேட்டதும் கண்ணிமைத் தசை சுருங்கும் திடுக்கிடல் அனிச்சையை ஆய்வகங்களில் மின்முனைகளால் அளப்பதுண்டு. அச்சுறுத்தல் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும் நிலையைவிட, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற நிலையில், ஒன்றும் நிகழாத இடைவேளைகளிலும் இந்தச் சுருக்கம் வலுப்பெறுவது தெரியவந்திருக்கிறது. முதல் முறை கேமரா திரும்பும்போது மூலை காலியாக இருக்கட்டும். இரண்டாம் முறையும் காலியாகவே இருக்கலாம். மூன்றாவது முறை என்பது வாய்பாடாகிவிட்டதால், தேர்ந்த பார்வையாளர் அதை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவருக்கு அங்கேயும் எதையும் காட்டாமல் விடுவது நல்லது.

இருளைப் பற்றி ஒரு குறிப்பு. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் செல்கள் விழித்திரையின் மையக்குழியில் இல்லை. அதனால்தான் மங்கலான விண்மீனை நேராக நோக்கினால் மறைந்து, சற்று ஒதுங்கிப் பார்த்தால் தெரிகிறது. ஆபத்தின் உருவைச் சட்டகத்தின் ஓரத்தில், குவியத்துக்கு வெளியே, நிறம் வெளுத்து வைப்பது இந்த இரவுப் பார்வைக்கு மிக நெருக்கமானது; விலையுயர்ந்த விளக்குகளும் வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் பார்வைக் காட்சியாகவே எடுத்துவிடலாம் என்ற ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். ராபர்ட் மாண்ட்கோமரி 1947-இல் வெளியான 'லேடி இன் த லேக்' படத்தை ஏறத்தாழ முழுவதும் துப்பறிவாளரின் கண்வழியாகவே எடுத்தார். துணிச்சலான முயற்சிதான், ஆனாலும் துப்பறிவாளரின் உணர்ச்சி திரைக்கு வந்து சேரவில்லை. கண்ணாடியில் தெரியும் இடங்களையும் பார்வையாளரை நோக்கி நேரடியாகப் பேசும் சில இடங்களையும் தவிர நாயகனின் முகம் எங்கும் இல்லை என்பதே குறை. ஒரே முகத்தைக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாறிமாறி ஒட்டி, முகத்தின் பொருள் அடுத்த காட்சியால் மாறுவதைச் சோவியத் இயக்குநர் லெவ் குலஷோவ் காட்டியது இங்கே நினைவுகூரத்தக்கது: பார்வைக் காட்சிக்குப் பொருள் தருவது அதன் முன்னும் பின்னும் வரும் முகம். 'ஈவில் டெட்' குழுவினர் இதை நன்கு அறிந்திருந்தனர். அப்படத்தின் கடைசிக் காட்சியில் அந்தச் சக்தி காட்டைக் கடந்து, வீட்டின் பின்பக்கமாக நுழைந்து, கதவுகளைத் தகர்த்துக்கொண்டு முன்வாசல் வழியே பாய்ந்து வெளியேறி, உயிர்பிழைத்து நிற்கும் இளைஞன்மேல் மோத வருகிறது; அவன் திரும்பிக் கேமராவைப் பார்த்து அலறுகிறான், படம் முடிகிறது. குறும்படக்காரரின் படப்பிடிப்பு அட்டவணையில் ஓட்டமும் துரத்தலும் அரை நாளை எடுத்துக்கொண்டால், அப்படித் திரும்பும் ஒரு முகத்துக்கு மீதி அரை நாளையும் ஒதுக்கலாம்.