மழை நாளில் 113 கிலோமீட்டர்

ட்ரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒரே நேரக்கணக்கில் முடிக்க வேண்டிய போட்டியாகும். அதன் இன்றைய வடிவம் 1974ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள மிஷன் பே கரையில் தொடங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து ஹவாய்த் தீவுகளில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் என நீட்டப்பட்டு ‘ஐயன்மேன்’ என்று பெயர் பெற்றது. இவற்றைச் சரிபாதியாக்கி 1.9 கி.மீ., 90 கி.மீ., 21.1 கி.மீ. என வகுத்ததே அரைத்தூரப் போட்டி. மொத்தம் 113 கி.மீ., மைல் கணக்கில் 70.3 என்பதால் அந்த எண்ணே அதற்குப் பெயராகவும் நிலைத்துவிட்டது.

பாதித்தூரம்தானே என்னும் ஆறுதல் வறண்ட நாளுக்குத்தான் பொருந்தும். முழுத்தூரப் போட்டியில் வேகம் மட்டாக இருக்கும். பலர் கூடாரத்தில் நிதானமாக உடை மாற்றிக்கொண்டே அடுத்த பகுதிக்குப் போவார்கள். அரைத்தூரத்திலோ, நொடிகளை மிச்சப்படுத்தும் ஆசையில், நீச்சலில் நனைந்த மெல்லிய ஒற்றை உடையோடே சைக்கிளில் ஏறி, உடல்வலிமையின் எல்லையை ஒட்டியே 90 கி.மீ. ஓட்டுவது வழக்கம். எனவே மழையின் இரு கேடுகளான வழுக்கலும் குளிரும் அரைத்தூரக்காரரையே கூடுதலாகத் தாக்குகின்றன. அத்தகைய நாளில் கால்வலிமையைவிட, உடல் நடுங்கத் தொடங்குமுன்பே எடுத்துவைத்த முடிவுகள்தாம் ஒருவரைக் கரைசேர்க்கின்றன.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் ஜார்ஜ் நகரில் 2021 செப்டம்பர் 18 அன்று நடந்த 70.3 உலகப் போட்டி இதற்குத் தக்க சான்று. அது பாலைநிலம், அங்கே போட்டியிடப் போகிறவர் வெயிலையும் நீரிழப்பையும் எண்ணி ஆயத்தமாவதே இயல்பு. ஆனால் சாண்ட் ஹாலோ நீர்த்தேக்கத்தில் நீச்சலை முடித்துவிட்டுப் பலரும் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த வேளையில் பலத்த காற்று எழுந்து, மழையையும் ஆலங்கட்டியையும் மின்னலையும் உடன் கொண்டுவந்தது. ஆடவர் பட்டத்தை நார்வேயின் குஸ்தாவ் ஈடனும், மகளிர் பட்டத்தை பிரிட்டனின் லூசி சார்ல்ஸ்-பார்க்ளேயும் வென்றனர். ஆயினும் அந்த நாளின் கடுமையை முழுதாகச் சுமந்தவர்கள் ‘வயதுப்பிரிவினர்’ என்போர். அதாவது வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்து, தம் வயதையொத்தவர்களோடு போட்டியிடும் பொதுப் பங்கேற்பாளர்கள். தொழில்முறை வீரர் நான்கு மணி நேரத்தையொட்டி முடிக்கும் தூரத்துக்கு அவர்களில் பலருக்கு ஆறு, ஏழு மணி நேரம் ஆகிறது. ஆகவே மழையில் நனையும் நேரமும் அவர்களுக்கே அதிகம்.

மூன்று பகுதிகளில் மழைத்துளி குறைவாகத் தொல்லை தருவது நீச்சலுக்குத்தான். அங்கே அஞ்ச வேண்டியவை மின்னலும் மாசும். மின்னல் தெரிந்து முப்பது நொடிக்குள் இடி கேட்டால் இடிமழை ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று கொண்டு நீரிலிருந்து அனைவரையும் வெளியேற்றுவதும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை திரும்ப இறக்காததும் திறந்தவெளி விளையாட்டுகளில் பரவலாகப் பின்பற்றப்படும் நெறி. மாசின் கதை வேறு. நகரத்தில் பெய்யும் மழை சாலைக் கழிவையும் சாக்கடையையும் ஆற்றில் சேர்த்துவிடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜூலை 30 அன்று நடக்கவிருந்த ஆடவர் ட்ரையத்லான், முந்தைய நாள்களின் மழையால் சென் ஆற்றின் நீர்த்தரம் கெட்டிருந்ததால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பல ஆண்டுப் பயிற்சியோடு காத்திருந்தவர்களுக்கு அது வேதனையாக இருந்திருக்கும். எனினும் சரியான முடிவு அதுவே.

மழை தன் முழு வலிமையைக் காட்டுவது சைக்கிளில். சாலைக்கும் டயருக்கும் இடையிலுள்ள பிடிமானத்தை அளக்க உராய்வு எண் என்றொரு அளவு உண்டு. உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 0.7 ஆக இருக்கும் அது, நனைந்த சாலையில் 0.4 அளவுக்கு இறங்கிவிடக்கூடும். இதனை ஒரு வளைவில் வைத்துப் பார்த்தால் பொருள் விளங்கும்: இருபது மீட்டர் ஆரமுள்ள வளைவை உலர்ந்த நாளில் மணிக்கு 42 கி.மீ. வேகம்வரை வழுக்காமல் கடக்கலாம் என்றால், நனைந்த நாளில் அதே வளைவின் எல்லை 32 கி.மீ. ஆகிவிடுகிறது. வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், தண்டவாளக் கடவைகள், உதிர்ந்த இலைகள் ஆகியவற்றின்மீது அந்த எல்லை இன்னும் கீழே போகும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் மிகக் கெட்டவை. சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசும் நீரோடு கலந்து வழவழப்பான படலமாகிவிடுகின்றன, தொடர்ந்து பெய்தால்தான் அது கழுவப்படும்.

டயரில் பள்ளவரி இருந்தால் மழைக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கார் டயர் நீர்மேல் மிதந்து பிடிமானம் இழப்பதைத் தடுக்கவே அவ்வரிகள் தேவைப்படுகின்றன. சைக்கிள் டயரோ குறுகலானது, காற்றழுத்தம் மிகுந்தது. மிதக்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்னும் கணக்குப்படி, 80 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் மிதக்க மணிக்கு 140 கிலோமீட்டருக்கும் மேலான வேகம் வேண்டும். ஆகவே சைக்கிளுக்கு உதவுவது பள்ளவரி அன்று. ரப்பரின் தன்மையும், வழக்கத்தைவிடச் சற்றே குறைத்து வைத்த காற்றழுத்தமும்தாம். பிரேக்கிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ரிம்மைப் பற்றி நிறுத்தும் பழைய வகை பிரேக், அதிலும் கார்பன் ரிம்மில், முதலில் நீரைத் துடைத்த பிறகே பிடிக்கத் தொடங்கும். டிஸ்க் பிரேக்கில் அந்தத் தாமதம் குறைவு. முழங்கைகளை ஊன்றிக் காற்றைக் கிழித்துச் செல்ல உதவும் ‘ஏரோ பார்’ பிடியில் கைகள் இருக்கும்போது பிரேக் எட்டாத் தொலைவில் இருப்பதால், வளைவும் இறக்கமும் வருமுன்பே அப்பிடியை விட்டுவிடுதல் வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் ட்ரையத்லான் 2021 ஜூலை 27 அன்று மழையால் 15 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. நனைந்த வளைவுகளில் சிலர் விழுந்தனர். நீர் கண்ணாடித் துண்டுகளையும் கூர்ங்கற்களையும் டயரில் ஒட்டவைப்பதோடு, ரப்பரை எளிதில் அறுக்கவும் விடுவதால் மழைநாளில் பஞ்சர் பெருகும். பிரிட்டனின் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனுக்கு சைக்கிள் பகுதியின் இறுதியில் பஞ்சர் ஆனது. இறங்கிச் சரிசெய்யாமல் அப்படியே ஓட்டிவந்து, இழந்த நேரத்தை ஓட்டத்தில் மீட்டு வெள்ளி வென்றார். தங்கம் வென்றவர் ஃப்ளோரா டஃபி. 65,000 பேருக்கும் குறைவானோர் வாழும் பெர்முடாத் தீவுகளுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது.

வழுக்கலைவிட வஞ்சகமானது குளிர். நனைந்த உடையோடு மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் செல்பவரின்மேல் அதே வேகத்தில் காற்று அடிக்கிறது. ஏற்றத்தில் தசைகள் சுரக்கும் வெப்பம் இறக்கத்தில் நின்றுபோக, காற்றும் நீரும் சேர்ந்து உடலின் வெப்பத்தை உறிஞ்சுகின்றன. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் நிலையை மருத்துவர்கள் தாழ்வெப்பநிலை என்கிறார்கள். நடுக்கம், குழறும் பேச்சு, மங்கும் அறிவு என்று அது முற்றுகிறது. தனக்கு ஆபத்து நேர்கிறது என்பதை உணரும் திறனையே அது பறித்துவிடுவதால், ‘முடியாதபோது நிறுத்திக்கொள்ளலாம்’ என்ற எண்ணத்தோடு புறப்படுபவர் நிறுத்தவேண்டிய வேளையில் நிறுத்துவதில்லை. மலையேறுவோரிடையே எளிய சோதனை ஒன்று உண்டு: கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை என்றால் குளிர் எல்லை மீறிவிட்டது என்று பொருள். அந்த விரல்களால் கியரை மாற்றவோ, பிரேக்கை அழுத்தவோ, சத்துக்கூழ் பொட்டலத்தைக் கிழிக்கவோ இயலாது. ஆதலால்தான் அனுபவமுள்ளோர் கூழை முன்பே பாட்டிலில் கரைத்து வைக்கிறார்கள். கையுறைக்குள் மருத்துவமனை ரப்பர் கையுறை ஒன்றை அணிகிறார்கள். சட்டைக்குள் மார்பை ஒட்டிச் செய்தித்தாளை வைத்துக்கொள்ளும் பழைய சைக்கிள் வீரர் வழக்கத்தை இன்றும் விடாதிருக்கிறார்கள். மழையில் தாகம் தெரியாது, ஆனால் வியர்வை நிற்பதில்லை. நடுக்கமோ உடலின் சர்க்கரையை விரைந்து எரிக்கிறது. எனவே பசியையும் தாகத்தையும் நம்பாமல், கடிகாரத்தைப் பார்த்து உண்பதும் பருகுவதும் அன்று கட்டாயம்.

ஓட்டத்துக்கு வந்துவிட்டால் உடல் மீண்டும் சூடேறும். தொல்லை பாதத்துக்கு இடம் மாறும். நனைந்து ஊறிய தோல் எளிதில் உரிந்து கொப்புளமாகும் என்பதால், விரல்களில் வாசலின் தடவி, உலர்ந்த காலுறையையும் ஷூவையும் வாய்கட்டிய பிளாஸ்டிக் பையில் மாறுமிடத்தில், அதாவது ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாறும் நிறுத்தத்தில், வைத்துவிட்டுப் போவது அரைநிமிடச் செலவில் கிடைக்கும் பெரும்பயன்.

இந்தியாவில் 2019 அக்டோபரில் கோவாவின் மிராமர் கடற்கரையில் 70.3 போட்டி தொடங்கியதிலிருந்து, அதற்காகச் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் பயிற்சி செய்வோரைக் காண முடிகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் அச்சாலையில் தேங்கும் நீருக்கடியில் பள்ளம் இருப்பது மேலிருந்து தெரியாது. தேங்கிய நீருக்குள் சைக்கிளை விடாதிருப்பதே ஒரே பாதுகாப்பு. வெப்பமண்டல மழையில் தாழ்வெப்பநிலை அரிது என்றாலும், வழுக்கலும் மின்னலும் இங்கு குறைவல்ல. ஆகவே நம் நாட்டில் இப்போட்டிகளை நடத்துவோர், எந்த நிலையில் நீச்சலைக் கைவிடுவோம், எந்த நிலையில் சைக்கிள் தூரத்தைக் குறைப்போம், எப்போது முழுவதையும் நிறுத்துவோம் என்பவற்றைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிட்டுத் தர வேண்டும். பங்கேற்போரும் பணம் கட்டுமுன் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.