காற்றடிக்காமல் கழிவுநீரைச் சுத்தம் செய்த பேராசிரியர்

இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு ஏதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருக்கீங்களா? பெரும்பாலும் முதலில் காதில் விழுவது ப்ளோயர் சத்தம்தான். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் வேணும், அதனால் ராத்திரி பகலா காற்றடிக்கணும். கரன்ட் பில்லில் பெரும்பங்கு இதுக்கே போய்விடும்.

ஆக்ஸிஜனே தேவைப்படாத பாக்டீரியாவும் இருக்கே, அதை வைத்துச் செய்யக்கூடாதா? சாண எரிவாயுக் கலனில் வேலை பார்ப்பது அதுதானே! சிக்கல் என்னன்னா, அது ரொம்ப மெதுவாகப் பெருகும். கழிவுநீரை வேகமாக விட்டால் பாக்டீரியாவும் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விடும்.

1970களில் நெதர்லாந்தின் வாஹெனிங்கன் பல்கலைக்கழகத்தில் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தவர் பேராசிரியர் ஹாட்ஸே லெட்டிங்கா. அங்கே பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளின் கழிவுநீரில் அவருடைய குழு சோதனை செய்தது. அப்படி வந்ததுதான் நம்ம சிலபஸில் இருக்கும் யுஏஎஸ்பி ரியாக்டர்.

இது வேலை செய்யும் விதம் ரொம்ப சிம்பிள். கழிவுநீர் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறும். வழியில் பாக்டீரியா நிறைந்த சேற்றுப் படுகை ஒன்று இருக்கும். நாளடைவில் அந்தச் சேறு கடுகு அளவு உருண்டைகளாகத் திரண்டுவிடும். உருண்டை கனமானது என்பதால் தண்ணீரோடு போகாமல் கீழேயே தங்கும். மேலே கவிழ்த்து வைத்த புனல் மாதிரி ஒரு அமைப்பு வாயுவைத் தனியாகப் பிரித்துவிடும். தண்ணீர் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், பாக்டீரியா வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். எஸ்ஆர்டி, எச்ஆர்டி என்று வைவாவில் கேட்பாங்களே, அந்த இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

காற்றடிக்க வேண்டாம், கலக்கி விட மெஷினும் வேண்டாம். 1 கிலோ சிஓடி நீங்கினால் கணக்குப்படி சுமார் 350 லிட்டர் மீத்தேன் கிடைக்கும். அதாவது கரன்ட் தின்ற இடத்தில் எரிபொருள் வருது. வெளியேற்ற வேண்டிய சேறும் குறைவு.

லெட்டிங்கா இதுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ராயல்டி வந்திருக்கும். ஆனால் ஏழை நாட்டு நகராட்சி ஒன்று யோசித்துத்தான் இதில் கை வைத்திருக்கும். வெப்ப நாடுகளில் இந்த பாக்டீரியா நன்றாக வேலை செய்யும் என்பதால் பிரேசில், கொலம்பியா, இந்தியா என்று பரவியது. கங்கைத் திட்டத்தில், நெதர்லாந்து உதவியோடு, நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 1989ல் கான்பூரில் வந்தது. அவருக்கு 2007ல் டைலர் பரிசும் 2009ல் சிங்கப்பூரின் லீ குவான் யூ தண்ணீர் பரிசும் கிடைத்தன.

குறைகளும் இருக்கு. நைட்ரஜன், பாஸ்பரஸ், நோய்க்கிருமிகள் இதில் அவ்வளவாகப் போகாது, இன்னொரு சுத்திகரிப்பு கட்டாயம் வேணும். தோல் ஆலைக் கழிவு மாதிரி சல்பேட் அதிகமிருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகி, அழுகிய முட்டை நாற்றத்தோடு குழாய்களையும் அரிக்கும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு தேடுறீங்களா? இந்த இரண்டு குறைகளில் எதையாவது எடுத்துப் பாருங்க. டிசைன் எல்லாருக்கும் திறந்தே இருக்கு, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.